வீட்டுப் பின்னால் காய்கறித் தோட்டம், வேலூர் வெயில்: வீட்டில் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு எப்படித் தொடங்குவது?

கல்யாணமுருங்கை (காட்பாடி), வைகாசி கடைசி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், முழுதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

காட்பாடியிலிருந்து சித்தூர் போகிற சாலையில் உள்ளே தள்ளி மனை வாங்கி, வீடு கட்டிக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பின்னால் 20 அடிக்கு 15 அடி இடம் காம்பவுண்டுக்குள் சும்மா கிடக்கிறது. வீட்டுக்கு வேண்டிய காயை அதில் நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மனை வாங்கின நாளிலிருந்து எனக்கு ஆசை. வீட்டில் ஐந்து பேர். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் வேலை, காலை 7 மணிக்குப் போனால் திரும்பி வர சாயங்காலம் ஆறரை ஆகிவிடும். பெரியவள் ஏழாவது, சின்னவன் ஒன்றாவது. அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு இருக்கிறார். அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமம், கல்யாணம் ஆன நாளிலிருந்து கொல்லையில் உழைத்தவர்.

போன வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு லீவுதானே, எல்லாரும் சேர்ந்து செய்யலாம் என்று சித்திரையில் நர்சரிக்குப் போய்த் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று மொத்தம் 30 வாங்கி வந்து ஒரே நாளில் நட்டோம். அன்றைக்கு வீடே விசேஷ வீடு மாதிரி இருந்தது. அத்தை மட்டும் பின்வாசற்படியில் நின்று, "சித்திரையில யாராவது நாத்து நடுவாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. "தண்ணி ஊத்தினா வந்துடும் அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் அக்னி நட்சத்திரம் வந்தது. கத்தரி நாற்று முதல் வாரத்திலேயே போனது. ஒரே ஒரு தக்காளிச் செடியில் 11 பூ வந்திருந்தது, பெரியவள் தினமும் காலையில் போய் எண்ணுவாள். ஒரு நாள் எழுந்து போய்ப் பார்த்தால் பதினொன்றும் கீழே கிடந்தன. உதிர்ந்த பூவை எல்லாம் உள்ளங்கையில் பொறுக்கி வைத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள், ஒன்றும் பேசவில்லை. அதோடு அவள் பின்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்தபோது மிச்சம் இருந்த நாலு மிளகாய்ச் செடிக்கு நான் ஒருத்திதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தை கோபம் எதுவும் காட்டவில்லை, ஆனால் அந்தப் பக்கமே வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்த வருடம் சரியாகச் செய்ய வேண்டும். எந்த மாதம் தொடங்குவது, மண்ணை என்ன செய்வது (தோண்டினால் செங்கல் துண்டும் ஜல்லியும் வருகிறது), போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறதே ஊற்றலாமா, வாட்டர் பில்டரிலிருந்து வெளியே போகிற தண்ணீரைப் போன வருடம் செடிக்குத்தான் விட்டேன், அது சரியா, இதெல்லாம் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் விட, வேலையை வீட்டில் எப்படிப் பிரிப்பது? முதல் நாள் எல்லாரும் வருகிறார்கள், பத்தாவது நாள் நான் மட்டும் நிற்கிறேன். குடும்பமாகத் தோட்டம் போட்டு நடத்திக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.


செம்மண் (குடியாத்தம்)

அம்மா, படித்தேன். செடி போனதற்கு உங்கள் கைராசி காரணம் இல்லை, முதலில் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பகலில் வெயில் 35 டிகிரிக்கு மேல் போய், ராத்திரியும் சூடு இறங்காமல் இருந்தால் தக்காளி பூவைத் தாங்காது, உதிர்த்துவிடும். நம் ஊரில் மே மாதம் 40-ஐத் தொடாமல் எந்த வருடம் போயிருக்கிறது? குடம் குடமாக ஊற்றினாலும் வேருக்குத்தான் தண்ணீர் போகும், பூவுக்கு வீசுகிற அனல் குறையாது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லவில்லை. நம் பக்கம் ஆடியிலிருந்தே சாயங்கால மழை கிடைக்க ஆரம்பிக்கும், அப்புறம் ஐப்பசி கார்த்திகை அடைமழை, ஆக ஆடியில் போட்ட செடிக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனால் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் நாற்று விட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தக்காளி நாற்று 25 நாளில் எடுக்கலாம், கத்தரிக்கு 30, 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் ஆகும். ஆடி 18-க்கு நட வேண்டும் என்றால் ஆனி பிறந்த உடனே விதை மண்ணில் இருக்க வேண்டும். அதாவது உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான். வெண்டை, கொத்தவரை, அவரை, பீர்க்கன், புடலை, பாகல் எல்லாம் நேராக ஆடியில் ஊன்றிக்கொள்ளலாம். வெண்டை விதையையும் பாகல் விதையையும் முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள், பாகல் தோல் கெட்டி, ஊறாமல் போட்டால் முளைக்க நாளாகும். அவரையை மட்டும் இப்போதே காய் எதிர்பார்க்காதீர்கள், அது பகல் பொழுது குறைந்து பனி இறங்கும்போதுதான் பூவெடுக்கும், மார்கழி வரைக்கும் வெறும் கொடியாக ஓடினாலும் பிடுங்கிவிடாதீர்கள்.

மண் விஷயம்தான் பெரிய வேலை. வீடு கட்டின இடத்தில் பின்பக்கம் எல்லாம் கட்டட இடிபாடுதான் கிடக்கும், சிமெண்டுத் தூள் கலந்த மண்ணில் சுண்ணாம்புத் தன்மை ஏறிவிடும், செடி பச்சை கட்டாது. 300 சதுர அடியையும் இந்த வருடமே சரிசெய்ய நினைக்காதீர்கள். 10 அடிக்கு 10 அடி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடப்பாரை போட்டு ஒரு அடி ஆழம் கிளறி, கல்லையும் கலவைக் கட்டியையும் பொறுக்கி வெளியே போடுங்கள், அதற்கு மேல் செம்மண்ணும் நன்றாக மக்கின மாட்டெருவும் போட்டுப் பாத்தியைத் தரையை விட முக்கால் அடி உயரமாகக் கட்டுங்கள். மாட்டெரு மக்கியிருக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. பச்சைச் சாணியை அப்படியே கொட்டினால் சூடு கிளம்பி வேர் வெந்துவிடும், வேர்ப்புழுவும் வரும். கையில் எடுத்துப் பிடித்தால் சாணி நாற்றம் அடிக்கக் கூடாது, மழை பெய்த மண் வாசனைதான் வர வேண்டும், உதிர்த்தால் டீத்தூள் மாதிரி உதிர வேண்டும். 100 சதுர அடிக்கு ஒரு 50 கிலோ போடுங்கள், கூடவே வேப்பம் புண்ணாக்கு இரண்டு கிலோ. மிச்ச இடத்தில் பசுந்தாள் உரத்துக்கென்று சணப்பையோ தக்கைப்பூண்டையோ விதைத்துவிடுங்கள், பூ வருகிற சமயத்தில் மடக்கி மண்ணிலேயே புதைத்தால் அடுத்த வருடத்துக்கு அந்த இடம் தானாகத் தயாராகிவிடும்.

இன்னொன்று. உங்கள் அத்தை அணைக்கட்டுப் பக்கம் என்கிறீர்கள். இலவம்பாடி முள்ளுக்கத்தரி அந்த மண்ணின் காய் அம்மா. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கத்தரி அது, காம்பிலும் இலையிலும் முள் இருக்கும், சுவை வேறு எதற்கும் வராது. அந்த அம்மாவிடம் விதை இருக்கிறதா என்று கேட்டீர்களா? நர்சரிக்குப் போவதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள்.


பாலாற்றங்கரை (விருதம்பட்டு)

தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறேன் சகோதரி. பில்டரிலிருந்து வெளியே போகிற தண்ணீரைச் செடிக்கு விடவே விடாதீர்கள். போர்த் தண்ணீரில் இருக்கிற உப்பை எல்லாம் பிரித்து அதில்தான் தள்ளுகிறது, போரை விடவும் உப்புக் கூடுதல். வீடு துடைக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் இலை ஓரம் கருகியிருந்ததா? மண்மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததா? வெயில் பாதி, இது பாதி.

போர்த் தண்ணீர் ஓரளவு உப்பாக இருந்தாலும் வெண்டை, கத்தரி, கீரை தாங்கும், ஆனால் எரு நிறைய இருக்க வேண்டும், மழை வந்து அவ்வப்போது கழுவிவிட வேண்டும். கொத்தவரையும் தாங்கும். பீன்ஸ் தாங்காது, நம் வெயிலுக்கும் அது வராது. சந்தேகமாக இருந்தால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, பாட்டிலில் தண்ணீரும் பையில் மண்ணும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

மாடி மழைநீரைப் பிடியுங்கள். 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 900 லிட்டர், சிந்தினது சிதறினது போக 700 ஆவது வரும். ஒரு டிரம் வைத்தாலும் நாற்றங்காலுக்குப் போதும், நாற்றுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் கொடுங்கள். அப்புறம் மூடாக்கு. வேர்க்கடலைத் தோல், காய்ந்த இலை, வைக்கோல், எது கிடைக்கிறதோ அதை மண் தெரியாமல் இரண்டு விரல்கடை போடுங்கள். மூடாக்கு போட்ட பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போதும், போடாத பாத்திக்குத் தினமும் 100 சதுர அடிக்கு நாலைந்து குடம் வேண்டும். குளிக்கிற தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் விடுங்கள், கீரைக்கு வேண்டாம்.


பீர்க்கம்பூ (சத்துவாச்சாரி)

அக்கா, நீங்கள் கடைசியில் கேட்டதுதான் உண்மையான கேள்வி, அதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது, மூன்று வருடம் நான் ஒருத்திதான்.

நாங்கள் செய்த தப்பு, தோட்டம் எல்லாருக்கும் பொது என்று வைத்தது. பொது என்றால் யாருடையதும் இல்லை. தண்ணீர் ஊற்றவில்லையா என்று கேட்டால் அண்ணன் ஊற்றியிருப்பான் என்று தங்கை சொல்வாள், தங்கை ஊற்றியிருப்பாள் என்று அவன் சொல்வான். நாலாவது வருடம் பாத்தியைப் பிரித்துவிட்டோம். ஆளுக்கு ஒரு பாத்தி, ஆறடிக்கு மூன்றடி, நடுவில் கால் வைக்க ஒரு முழ வரப்பு. என்ன போடுவது என்று பாத்திக்காரர்தான் முடிவு செய்வார், கேட்டால்தான் மற்றவர்கள் சொல்லலாம், ஒருத்தர் பாத்தியில் இன்னொருத்தர் கேட்காமல் கைவைக்கக் கூடாது. கஷ்டமே அதில்தான் இருக்கிறது அக்கா. என் மகன் வெண்டையை அரை அடிக்கு ஒன்றாக நெருக்கி ஊன்றினான், ஒன்றரை அடி வேண்டுமே என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒல்லி ஒல்லியாக வளர்ந்து செடிக்கு இரண்டு காய் காய்த்தது, அடுத்த தடவை அவனே முழம் போட்டு அளந்து ஊன்றினான்.

உங்கள் சின்னவனுக்குக் கீரைப் பாத்தி கொடுங்கள். ஒன்றாவது படிக்கிற பிள்ளைக்குக் கத்தரிக்காய்க்காக மூன்று மாதம் காத்திருக்கப் பொறுமை இருக்காது. முளைக்கீரையும் சிறுகீரையும் மூன்று நாலு நாளில் முளைக்கும், 25 நாளில் பிடுங்கலாம். விதை கடுகை விடச் சின்னது, ஒரு கை விதைக்கு நாலு கை மணல் கலந்து தூவச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். தூவின உடனே எறும்பு வரிசை கட்டி வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போகும். பாத்தியைச் சுற்றி நொய்யோ ரவையோ தூவி வைத்தால் எறும்பு அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். எங்கள் வீட்டில் அது சின்னவள் வேலை, குந்திக்கொண்டு அரை மணி நேரம் எறும்பு ரவை தூக்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்காரர் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருகிறார் என்றால் அவருக்குப் பீர்க்கன் பந்தல்தான். ஏன் தெரியுமா? பீர்க்கம்பூ காலையில் பூக்காது, பொழுது சாயும்போதுதான் மலரும். சுரையும் அப்படித்தான், புடலையும் இருட்டுகிற நேரத்தில்தான். பூசணியும் பாகலும் விடியற்காலை. நம் குடியிருப்புகளில் தேனீ குறைச்சல், பூவாகப் பூத்துப் பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிடும், கையால்தான் சேர்த்துவிட வேண்டும். பூவுக்குக் கீழே விரல் மாதிரி குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழை மடக்கிவிட்டு, நடுவில் இருக்கிற மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்ற வேண்டும், ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்கு வரும். முதல் பத்து நாள் வெறும் ஆண் பூவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் அவர் வேலை விட்டு வந்து சட்டை கூட மாற்றாமல் நேராகப் பந்தலுக்குப் போவார், அந்த மஞ்சள் பூ வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஒவ்வொன்றாக விரிவதைப் பார்க்க அப்படி இருக்கும். பிள்ளைகளும் பின்னாலேயே போய்விடும். நாங்கள் எல்லாரும் ஒன்றாக நிற்கிற நேரம் ஒரு நாளில் அந்த இருபது நிமிடம்தான், அதனால்தான் இந்தப் பெயரே வைத்துக்கொண்டேன்.

அத்தை விஷயத்தில் ஒன்று சொல்லட்டுமா. பெரியவர்களுக்குச் சின்ன வேலையாகக் கொடுக்காதீர்கள். களை எடுங்கள், கீரை ஆயுங்கள் என்றால் வீட்டு வேலையோடு அதுவும் ஒரு வேலை. நாற்றங்காலை அவர் கையில் கொடுங்கள். மொத்தத் தோட்டத்துக்கும் நாற்று அவர் கொடுத்தால்தான் உண்டு என்று வையுங்கள்.


மொட்டைமாடி (பாகாயம்)

எல்லாரும் தரையையே சொல்கிறீர்கள். இடிபாட்டு மண்ணைத் தோண்டி மாய்வதை விட குரோ பேக் வாங்கித் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து வைத்தால் அடுத்த நாளே நடலாமே? தோட்டக்கலைத் துறையில் மாடித் தோட்டத் தொகுப்பு மானியத்தில் கொடுத்தார்கள், நான் அதில்தான் ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் மலையடிவாரம், குரங்குத் தொல்லை, பையாக இருந்தால் வலைக்குள் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.


செம்மண் (குடியாத்தம்)

தம்பி, மாடிக்குப் பை சரி, நீங்கள் சொல்வது தப்பே இல்லை. தரை இருக்கிறவர்கள் எதற்குப் பைக்குப் போக வேண்டும்? பையில் இருக்கிற மண் நம் வெயிலில் நாலு பக்கமும் சூடாகும், ஒரு நாள் வெளியூர் போனால் செடி துவண்டுவிடும். தரையில் வேர் தானாகக் கீழே இறங்கிக் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். மண் மூன்று வருடத்தில் சரியாகிவிடும், அப்புறம் அது சொத்து. பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன், மண்ணைக் கிளறும்போது முதல் வருடம் ஒரு மண்புழு கூட இருக்காது, இரண்டாம் வருடம் ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு நெளியும், அதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

குரங்குக்கு எனக்கும் வழி தெரியவில்லை. வலைதான்.


கல்யாணமுருங்கை (காட்பாடி), ஆனி முதல் வாரம்

எல்லாருக்கும் நன்றி. செம்மண் ஐயா, நீங்கள் எழுதினதைப் படித்த அன்றைக்கு ராத்திரி அத்தை வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "போன வருஷம் நீங்க சொன்னதைக் கேக்காம விட்டுட்டேன் அத்தை, முள்ளுக்கத்தரி வெதை எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். கோபமோ என்று நினைத்தேன். துவரம் பருப்பு டப்பாவுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் துணி முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தார். அவிழ்த்தால் சாம்பல் பூசின கத்தரி விதை, இன்னொரு சின்ன முடிச்சில் பீர்க்கன் விதை, ஒரு காகிதத்தில் புளிச்சக்கீரை. ஊரிலிருந்து எங்களோடு வரும்போதே எடுத்து வந்திருக்கிறார். ஒன்றரை வருடமாக நான் தினமும் கை விடுகிற டப்பாவுக்குள் அது இருந்திருக்கிறது, அவரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

நாற்றங்கால் அவருடையது என்று முடிவாகிவிட்டது. பழைய விதை, பாதிதான் முளைக்கும் என்று சொல்லி இரண்டு மடங்கு போட்டார்.

வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து கல் பொறுக்கினார்கள், 18 இரும்புச் சட்டி ஜல்லியும் செங்கல்லும் வந்தது, ஒரு பழைய ஹவாய்ச் செருப்பும். பெரியவள் இன்னும் ஒட்டவில்லை. எனக்குப் பாத்தி வேண்டாம், என்னைக் கேட்காதீர்கள் என்கிறாள். விட்டுவிடலாமா?


பீர்க்கம்பூ (சத்துவாச்சாரி)

விட்டுவிடுங்கள் அக்கா. பாத்தியை மட்டும் கட்டி அவள் பேரில் காலியாக வையுங்கள், வேறு யாரும் எதுவும் போட வேண்டாம். ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். தக்காளி மட்டும் இப்போது கையில் கொடுக்காதீர்கள்.


கல்யாணமுருங்கை (காட்பாடி), புரட்டாசி மூன்றாம் வாரம்

ரொம்ப நாள் கழித்து வருகிறேன், நேரமே இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கீரை மூன்று தடவை எடுத்தாயிற்று. சின்னவன் தன் பாத்தி முளைக்கீரையை முதல் தடவை பிடுங்கினபோது வேரோடு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அழுதான், ஒரு கட்டு டீச்சருக்குக் கொடுத்து அனுப்பினோம். அணில் வந்து பிஞ்சைக் கடித்துவிடுகிறது என்று அத்தை அவனுக்கு வள்ளிமலைக் கதை சொன்னார். வள்ளி தினைப்புனத்தில் பரண் போட்டு உட்கார்ந்து ஆலோலம் பாடிக் கிளி ஓட்டினது இங்கே பக்கத்தில் இருக்கிற அந்த மலையில்தான் என்று தெரிந்ததிலிருந்து பின்வாசற்படிதான் அவனுக்குப் பரண், ஒரு காலித் தகர டப்பாவோடு உட்கார்ந்துவிடுகிறான்.

பீர்க்கன் பந்தலைச் சவுக்குக் கம்பு நட்டு, கட்டுக்கம்பி இழுத்து வீட்டுக்காரர் போட்டார். பூ ஒற்றுவது அவர் வேலைதான், முதல் வாரம் மூன்று பிஞ்சு நின்றது, இப்போது வாரத்துக்கு ஏழெட்டுக் காய் வருகிறது. புரட்டாசி என்பதால் வீட்டில் கவுச்சி இல்லை, காய் எவ்வளவு வந்தாலும் செலவாகிறது. தோலைத் துவையல் அரைத்துவிடுகிறோம்.

பெரியவள் ஆவணியில் தானாக வந்தாள். காலியாகக் கிடந்த பாத்தியைக் காட்டி இது என்னுடையதுதானே என்று கேட்டாள், ஆமாம் என்றேன், அவ்வளவுதான். வெண்டை ஊன்றினாள், 12 செடி. ஒரு நோட்டில் எந்தச் செடி எந்த நாள் முளைத்தது என்று எழுதுகிறாள். போன வாரம் முதல் காய் பறித்தாள்.

இப்போது கவலை இதுதான். அதில் இரண்டு செடியில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை மாதிரி தெரிகிறது, காயும் வெளிறிப் பிறக்கிறது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமாகத் தெளித்தோம், கேட்கவில்லை. மறுபடியும் அந்தப் பிள்ளை கண் முன்னால் செடி போகக் கூடாது. என்ன செய்வது?


செம்மண் (குடியாத்தம்)

அது மஞ்சள் நரம்புத் தேமல் அம்மா. வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புவது, வந்த செடிக்கு எந்த மருந்தும் கிடையாது. இரண்டு செடியையும் இன்றைக்கே வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள், அப்போதுதான் மற்ற பத்தும் தப்பும். மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குக் கட்டி வைத்தால் வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். வேப்பெண்ணெயை மற்ற செடிக்கு வாரம் ஒரு தடவை, இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள், ஈ அங்கேதான் உட்காரும்.

ஆனால் நீங்கள் பிடுங்காதீர்கள், அவளுக்குத் தெரியாமல் ராத்திரியில் எடுத்துவிடவும் வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிட்டு நோட்டைக் கையில் கொடுங்கள், முடிவு அவளுடையது. கத்தரி எப்படி இருக்கிறது? நுனித் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது என்று அர்த்தம், வாடின இடத்துக்கு ஒரு விரல் கீழே கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மழை ஆரம்பிக்கப் போகிறது, பாத்தியில் தண்ணீர் நிற்காமல் ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.


கல்யாணமுருங்கை (காட்பாடி), இரண்டு நாள் கழித்து

சொன்னேன் ஐயா. கொஞ்ச நேரம் செடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற பத்துக்கும் வந்துவிடுமா என்று கேட்டாள், வரலாம் என்றேன். நோட்டில் தேதி போட்டு "5, 9 தேமல்" என்று எழுதிவிட்டு அவளே இரண்டையும் பிடுங்கினாள். அழவில்லை. அட்டையில் எண்ணெய் தடவி அவளும் தம்பியும் கட்டியிருக்கிறார்கள், சாயங்காலம் போய் எத்தனை ஈ ஒட்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள்.

கத்தரியில் நுனி வாடினது நாலு இடத்தில் இருந்தது, அத்தை ஏற்கெனவே கிள்ளிவிட்டாராம், எனக்குத்தான் தெரியவில்லை. முதல் பறிப்பு நேற்று, ஒன்றரைக் கிலோ. பறிக்கும்போது முள் குத்தும் என்று பிள்ளைகளை விடாமல் முந்தானையால் காம்பைப் பிடித்து அவரே திருகி எடுத்தார். எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தோம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம், வீட்டுக்காரர் வேலை விட்டு வருகிற வரைக்கும் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள்.


செம்மண் (குடியாத்தம்)

கேட்க நிறைவாக இருக்கிறது அம்மா. அந்த விதையை விட்டுவிடாதீர்கள். நல்ல செடியாகப் பார்த்து இரண்டு காய் பழுக்க விடுங்கள். அத்தையிடம் கேட்டு எனக்கும் ஒரு சிட்டிகை வைத்திருந்தால் தை மாதம் மகள் வீட்டுக்குக் காட்பாடி வரும்போது வாங்கிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அந்த விதை விட்டுப்போய் ரொம்ப வருடம் ஆகிவிட்டது.


கல்யாணமுருங்கை (காட்பாடி)

அத்தையிடம் படித்துக் காட்டினேன். முதல் காயை விதைக்கு விடக் கூடாதாம், கடைசிக் காயும் ஆகாதாம், செடி தெம்பாக இருக்கும்போது நடுவில் வருகிறதைத்தான் விட வேண்டுமாம். கிழக்கு ஓரத்துச் செடியில் இரண்டு பிஞ்சுக்கு இன்றைக்குக் காலையிலேயே சிவப்பு நூல் கட்டிவிட்டார், யாரும் பறித்துவிடக் கூடாது என்று. ஒன்று உங்களுக்காம். மஞ்சளாகப் பழுத்த பிறகு கரைத்து, தண்ணீரில் அடியில் தங்குகிற விதையை மட்டும் எடுத்துச் சாம்பல் பூசி வைத்திருப்பாராம், வரும்போது ஒரு வெள்ளைத் துணி கொண்டுவரச் சொன்னார்.